எண்ணூர்க் கல்லும் கடல் ரீலும்: விலை குறைந்த ரீலா, உயர்ந்த ரீலா?

எண்ணூர்க்காரன்:
இரண்டாயிரம் ரூபாய் தூண்டில் ரீல் உப்புத் தண்ணீரில் தாங்குமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நான் எண்ணூர் முகத்துவாரத்திலும் திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களிலும் வீசுபவன். அலை மோதித் தெறிக்கிற இடம். ரீல் நனையாமல் வீடு திரும்பாது.

விலை குறைந்த ரீலில் முதலில் போவது கியர் இல்லை, லைன் ரோலர். லைனை (தூண்டில் நரம்பை) ரீலில் சுற்றிவிடும் வளைந்த கம்பிதான் பெயில் ஆர்ம்; அதன் ஓரத்தில் லைன் திரும்புகிற அந்தச் சின்ன உருளை. பிரெய்டு, அதாவது பின்னிய லைன், ஒவ்வொரு சுற்றிலும் கடல் தண்ணீரை அதன் மேல்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. காய்ந்ததும் உப்பு உள்ளே தங்கி, பேரிங் துருப்பிடித்து இறுகிவிடும். ரோலர் நின்றுபோனாலும் ரீல் வழக்கம்போல ஓடுவதால் கண்ணில் படாது. லைன் மட்டும் ஒரே இடத்தில் உரசி உரசிப் பஞ்சு கிளம்பும். என் பழைய ரீலில் அப்படித்தான் ஆனது. நல்ல கொடுவா ஒன்று கல்லை நோக்கித் திரும்பியது, லைன் பட்டென்று அறுந்தது. மீதியை விரலில் உருவிப் பார்த்தால் சொரசொரவென்று இருந்தது.

இப்போது கையில் இருப்பது பென் ஸ்பின்ஃபிஷர் 6. உலோக உடம்பு, ஐபிஎக்ஸ்5 என்ற தர அளவுக்குத் தண்ணீர்த் தடுப்பு, கார்பன் ஃபைபர் டிராக் வாஷர். டிராக் என்பது மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக். எனக்குப் பெரிய வித்தியாசம் டிராக்தான். நனைந்த ஃபெல்ட் வாஷர் ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் வழுக்கும். பாறை மீனின் முதல் ஓட்டத்தில் அந்த ஒரு வெட்டு போதும், லைன் போய்விடும். கார்பன் சீராக விட்டுக்கொடுக்கும்.

நண்பரின் விலை உயர்ந்த டைவா சால்டிகா ரீலையும் வீசிப் பார்த்தேன். சுற்றும்போது சத்தமே இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேக்சீல் என்ற தண்ணீர்த் தடுப்பு காந்த எண்ணெயால் அடைத்தது. வீட்டில் திறந்து சாதா எண்ணெய் விட்டால் கெட்டுவிடும். சறுக்கினால் கீறல் விழுகிற கல்லில் நின்று வீச அவ்வளவு பணம் போட வேண்டியதில்லை என்பேன்.

காசிமேடு ஜிக்கிங்:
அண்ணே, கல்லுக்கு நீங்கள் சொல்வது சரி. போட்டில் போகிறவர் கணக்கு வேறு. ஆழத்தில் கனமான ஜிக்கை (உலோகப் போலி இரையை) இறக்கிக் காலையிலிருந்து இழுத்துக்கொண்டே இருப்போம். கிராஃபைட் உடம்பு அந்தப் பாரத்தில் லேசாக வளையும்; பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் மெயின் கியரும் பொருந்தாமல் கரகரவென்று அரைக்கும். அப்புறம் ஹேண்டில் பின்னால் சுழலாமல் தடுக்கும் ஆன்டி ரிவர்ஸ் வழுக்கினால், அது பின்னால் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும். எனக்கு வீங்கியே போனது. ஷிமானோ ஸ்டெல்லா எஸ்டபிள்யூ, சால்டிகா எல்லாம் இந்த வேலைக்காகச் செய்தவை. காசு இருந்தால் இங்கே போடலாம். இல்லாவிட்டால் டைவா பிஜி வாங்குங்கள். அலுமினிய உடம்பு, முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும்.

திருவொற்றியூர் பெரியவர்:
தம்பிகளா, கழுவுகிற தண்ணீரையும் கவனியுங்கள். நம்ம பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, பல வீட்டில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் எந்த விலை ரீலும் துருப்பிடிக்கும். மெட்ரோ தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கை இறுக்கிவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். குழாயால் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். நிழலில் காய்ந்த பிறகு, மேக்சீல் இல்லாத ரீல் என்றால் லைன் ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். டிராக்கைத் தளர்த்தித்தான் எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஷர் ஒட்டிக்கொள்ளும்.