டிசைன் கண்ணு பிறவியிலயே வரணுமா? உங்க அனுபவத்த சொல்லுங்க

கோவை_கோடர்:
எனக்கு படம் வரைய வராது, அதனால டிசைன் நமக்கு ஆகாதுன்னு கோடிங் மட்டும் பண்ணிட்டிருந்தேன். ஒரு தடவ டிசைனர் லீவு, ஒரு ஜவுளிக்கடைக்கு தமிழ் சைட் நானே போட வேண்டியதா போச்சு. வெள்ளை மேல மெல்லிசா சாம்பல் எழுத்து, இங்கிலீஷ் சைட்ல பாத்து ஆசைப்பட்டு எடுத்தது. முதலாளி ஐயா போனை வாங்கி கைய நீட்டி தூரமா வச்சு பாத்துட்டு, "தம்பி, இதுல எழுத்து எங்கப்பா இருக்கு?"ன்னு கேட்டார். ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆபீஸ்ல ஒரு சீனியர் அக்கா தான் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. நான் வச்ச 999ங்கிற கலர் கோடு சாம்பலுக்கு வெள்ளை மேல கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாச விகிதம், 2.85 தான் வருது, சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5 வேணும்னு வெப்புக்கு தரம் வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட விதியே இருக்கு. அப்புறம் லைன் ஹைட், அதாவது வரி உயரம் எழுத்து சைஸ்ல எத்தன மடங்குங்கிறது, 1.2 வச்சிருந்தேன், ஸ்க்ரீன பெருசாக்கி காட்டினாங்க, மேல் வரி 'பு'வோட கால் கீழ் வரி 'கீ'யோட சுழில முட்டிட்டு நிக்குது! 1.7 ஆக்கினதும் பக்கமே மூச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு. இதெல்லாம் வரம் இல்லங்க, யாராவது காட்டிக் குடுத்தா பழகிக்கலாம்.

சரி, கற்பனை? அதுக்கு அக்கா என்னை கடைக்கே அனுப்பினாங்க. அரை நாள் உக்காந்து பாத்தேன், வர்ற பொம்பளைங்க எல்லாரும் "முந்திய காட்டுங்க"ன்னு தான் மொதல்ல கேக்குறாங்க, சேல்ஸ்மேனும் அதைத்தான் விரிச்சு போடுறார். அதனால சைட்லயும் ஒவ்வொரு சேலைக்கும் முந்தி கிளோசப் முதல்ல, முழு சேலை அடுத்து. ஐயா அதை பாத்துட்டு தன் மகளை கூப்பிட்டு காட்டினார்.

பழைய_டிடிபி:
தம்பி சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். நான் பிரஸ்ல பத்திரிகை அடிச்ச ஆளு, காலி இடம் தெரிஞ்சா உடனே ஒரு பூ வச்சு அடைச்சிருவேன், வெப்புக்கு வந்தும் அதே பழக்கம். என்னை மாத்தினது 2003ல டேவ் ஷீ ஆரம்பிச்ச சிஎஸ்எஸ் ஜென் கார்டன்ங்கிற சைட். பக்கத்தோட உள்ளடக்கம் இருக்கிற எச்டிஎம்எல் எல்லாருக்கும் ஒண்ணு தான், அதுல கை வைக்கக் கூடாது, தோற்றத்த சொல்ற சிஎஸ்எஸ் மட்டும் மாத்தி எத்தன பேரு எத்தன விதமா போட்டிருக்காங்க! பிடிச்ச டிசைன் ஒவ்வொண்ணா எடுத்து, கோட பாக்காம நானே கட்டிப் பாப்பேன், அப்புறம் ஒப்பிட்டா எப்பவும் என்னோடதுல மார்ஜின், அதாவது சுத்தி விடுற காலி இடம், கம்மியா தான் இருக்கும். இப்பவும் ஒரு பக்கம் முடிச்சதும் எதை எடுத்துடலாம்னு தான் முதல்ல தேடுறேன்.