புதுப்பிப்பு: சென்சார் நல்லாத்தான் இருக்கிறது, மாறியது உலோகம்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் பட்டறை கன்வேயரில் இண்டக்டிவ் பிராக்சிமிட்டி சென்சார் (உலோகம் அருகே வருவதைத் தொடாமலே உணரும் கருவி) திடீரென்று தட்டைக் கண்டுகொள்வதில்லை, புதிது மாட்டியும் அதே கதை என்று. காரணம் கிடைத்துவிட்டது.

சென்சார் முகத்துக்குப் பின்னால் ஒரு சுருள், வேகமாக மாறும் காந்தப்புலத்தை வெளியே விடுகிறது. உலோகம் அருகே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆற்றலை இழுக்கும். சென்சார் உள்ளே சுருளை இயக்கும் மின் அலைவு தளரும். அந்தத் தளர்வை வைத்துத்தான் வெளியீடு மாறுகிறது. ஆனால் எல்லா உலோகமும் ஒரே மாதிரி இழுக்காது. சென்சாரின் விவரத்தாளில் கண்டறியும் தூரம் 4 மி.மீ. என்று இருப்பது மென் எஃகுக்கான கணக்கு. சாதாரண சென்சாரில் அலுமினியத்துக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. நாங்களோ எடை குறையட்டும் என்று எஃகுத் தட்டை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டிருந்தோம், இடைவெளி 3 மி.மீ.!

தட்டின் ஓரத்தில் சின்ன எஃகுத் துண்டைத் திருகி மாட்டினோம். நான்கு நாளாக ஒரு தவறும் இல்லை.

அப்புறம், கெப்பாசிடிவ் வகை (உலோகம் அல்லாத பொருளையும் உணரும் சென்சார்) போடலாமே என்று கேட்டவருக்கு: பிளாஸ்டிக், தானியம், தொட்டித் தண்ணீர் மட்டம் பார்க்க அது அருமை. எங்கள் இடத்தில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) தெறிக்கும். முகத்தில் படியும் ஈரத்தையே பொருள் என்று எடுத்துக்கொள்ளும்.