புதுப்பிப்பு: சர்க்கரை நோய், டெஸ்டோஸ்டிரோன் 238, ஊசி போட்டால் இதயத்துக்கு ஆபத்தா?

மார்ச்சில் கேட்டிருந்தேன்: வயது 49, ஒன்பது வருடச் சர்க்கரை, ஓயாத அசதி, ஆண்மைக் குறைவு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 238 என்று குறைவாக வந்ததும் அந்த ஹார்மோனை ஊசியாகப் போடச் சொன்னார்கள். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"மதியம் சாப்பிட்டபின் எடுத்த அளவை நம்பாதீர்கள், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தடவை பாருங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. 322, 336 என்று வந்தது. ஹார்மோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதம் எனக்குக் குறைவு. உடல் பருமனும் சர்க்கரையும் இருந்தால் அப்படி ஆகுமாம். அதனால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. ஊசி வேண்டாம் என்றார் புது டாக்டர்.

எதிர்பாராதது அப்புறம்தான். விறைப்புக் குறைபாடு இதய ரத்தக்குழாய் நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று, இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு குழாயில் 40 சதவீத அடைப்பு! நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை. ஸ்டென்ட் தேவைப்படவில்லை. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரை தொடங்கி, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 142இலிருந்து 66 ஆனது. எடை 8 கிலோ குறைந்தது, அசதியும் பெருமளவு போய்விட்டது.

ஊசி நிஜமாகவே தேவைப்படுபவர்களுக்கு: டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையால் இதயத்துக்கு ஆபத்தா என்று பார்த்த, 2023இல் வந்த டிராவர்ஸ் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்று அதிகம். இதைக் கட்டாயம் டாக்டரிடம் பேசுங்கள்.