அரசாங்கத்துக்கு எதிரான முறைப்பாட்டை அரசாங்கமே நியாயமாக விசாரிக்குமா?

மட்டக்குளி வாசி

வணக்கம். வட கொழும்பில் ஒரு தொடர்மாடி. கழிவுநீர்க் குழாய் உடைந்து கீழ்த்தட்டு வீடுகளுக்குள் அழுக்குத் தண்ணீர் வருகிறது. கட்டிக்கொடுத்த அரச நிறுவனத்துக்குக் கடிதம் போட்டால், அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு "ஆராய்கிறோம்" என்று பதில் அனுப்புகிறது. எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் ரோட்டுக்கு இறங்கினால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். மற்றப் பாதிப்பேர், இறங்கினால் பொலிஸ் தடையுத்தரவு வாங்கும், பிறகு வழக்கென்று அலைய வேண்டும் என்று பயப்படுகிறார்கள்.

எங்கே போய் முறையிட்டாலும் அதுவும் அரசாங்கம்தானே? ஒம்புட்ஸ்மன் (அரச நிர்வாகத்துக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிப்பவர்), மனித உரிமைகள் ஆணைக்குழு, தகவல் உரிமை, நீதிமன்றம், இவற்றில் எது அவர்கள் பிடிக்கு வெளியே நிற்கிறது? எதை முதலில் செய்வது? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுக்கடை

ஒரு அமைப்பு யாருடைய சம்பளத்தில் ஓடுகிறது என்று பார்த்தால் எல்லாமே அரசாங்கம்தான். அதை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைப் பாருங்கள்: பதில் சொல்லச் சட்டத்தில் தவணை இருக்கிறதா, மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டுமா, அந்த மறுப்பை வேறொருவர் மாற்றலாமா. மூன்றும் இல்லாத இடத்தில் அதிகாரி நல்லவராக இருந்தாலும் முறைப்பாடு கோப்புக்குள்ளேயே கிடக்கும். நீங்கள் கடிதம் போட்ட பிரிவு அப்படிப்பட்டதுதான்.

மூன்றும் உள்ளது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம். தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

பலர் கோட்டைவிடுவது கேள்வியை எழுதும் விதத்தில். "ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டால் ஒரு வரியில் விளக்கம் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆவணத்தைக் கேளுங்கள்: குழாயைப் பார்வையிட்ட பொறியியலாளரின் அறிக்கை, திருத்த வேலைக்கான மதிப்பீடு, ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் காலம் எழுதிய பக்கம், உங்கள் கடிதங்கள் உள்ள கோப்பின் குறிப்புத்தாள். இந்தக் குறிப்புத்தாளைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. யார், எந்தத் திகதியில், யாருக்கு அனுப்பினார், எந்த மேசையில் நின்றது என்பதெல்லாம் அதில் கையெழுத்தோடு இருக்கும்.

கூடவே கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். அவர் கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் ஆள் இல்லை. அவருடைய அறிக்கை கையில் இருந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில், பொதுத்தொல்லையை அகற்றும்படி நீதவானிடம் கட்டளை கேட்கலாம்.

நூற்றாறு

அண்ணன் காகிதப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் ரோட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 14(1)(ஆ) தரும் உரிமை. ஊர்வலம் என்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, புறப்படும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், அறிவித்தல்தான், அனுமதி இல்லை. "அனுமதி தாருங்கள்" என்று எழுதினால், மறுக்கும் அதிகாரத்தை நீங்களே தூக்கிக் கொடுக்கிறீர்கள். "இத்தனை மணிக்கு, இந்த வீதியால் போகிறோம் என அறியத்தருகிறோம்" என்று எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி, நேரம், முத்திரை, கையொப்பம் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும். ஊர்வலம் போகாமல் ஓரிடத்தில் பதாகை பிடித்து நிற்பதற்கு 77 பொருந்தாது.

நீங்கள் பயப்படும் தடையுத்தரவு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. பொலிஸ் காலையிலேயே நீதவான் முன்னால் அறிக்கை போட்டு, எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு வாங்கலாம். அனர்த்தம் இதில்தான் இருக்கிறது: முறைப்பாடு யாருக்கு எதிரானதோ அவர்கள் கதை மட்டுமே நீதவானின் காதுக்குப் போகிறது. ஆனாலும் நீதவான்கள் மறுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. உத்தரவு கிடைத்தால் பிரதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். எந்த வீதி, எந்த நேரம், யாருடைய பெயர் என்று எழுதியிருப்பதற்கு மேல் அது நீளாது, 14 நாளுக்கு மேல் சாதாரணமாக நிற்கவும் நிற்காது. அதை மாற்றவோ நீக்கவோ சொல்லி அதே நீதிமன்றத்துக்குச் சட்டத்தரணி மூலம் போகலாம்.

சத்தம் போட்டதற்காகப் பிடித்தால் 1993இன் 'ஜனகோஷ' தீர்ப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1992இல் அரசாங்கத்தை எதிர்த்து மேளம் அடித்தவர்களிடமிருந்து பொலிஸ் மேளத்தைப் பறித்தது. அப்படிச் சத்தம் எழுப்புவதும் கருத்து வெளிப்பாடுதான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

வவுனியா வீதி

இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் படிமுறை ஒழுங்காக இருந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று ஆட்கள் நம்பிவிடக் கூடாது. 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரிய ரத்துபஸ்வலவில் குடிதண்ணீர் கேட்டு இறங்கிய சனத்தின்மேல் இராணுவம் சுட்டது, மூன்று பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது ஆட்சி மாற்றம் இல்லை, கிணற்றுத் தண்ணீர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் ஆணைக்குழுவுக்கு மேல் ஆணைக்குழுவில் சாட்சியம் சொன்னார்கள். அதன் பிறகும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் குந்த வேண்டி வந்தது. விசாரணை ஆணைக்குழு போடுவது ஜனாதிபதி, அறிக்கை போவதும் ஜனாதிபதியிடம். இதை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

நீதிமன்றம் வித்தியாசம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. வழங்கியது 2025 ஜூலையில். காலிமுகத்திடலில் போராட்டக்காரர் போட்ட கூடாரங்களை ஆமி பிடுங்கி எறிந்து மூன்று வருடம் கழித்து.

சத்தம் வேலை செய்ததற்கும் உதாரணம் உண்டு. 2022 செப்டெம்பரில் அரச இரகசியச் சட்டத்தின் கீழ் கொழும்பின் பல பகுதிகளை அதியுயர் பாதுகாப்பு வலயம் ஆக்கினார்கள். சட்டத்தரணிகளும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உடனே எதிர்த்ததும், ஒக்டோபர் பிறக்கும்போது அந்த வர்த்தமானியை நீக்கிவிட்டார்கள். வழக்கு முடிய யாரும் காத்திருக்கவில்லை.

புதுக்கடை

மூன்று வருடம் என்பது நியாயமான குற்றச்சாட்டு. தாமதத்துக்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் வழக்கே போட முடியாமல் போவதற்கு ஆட்கள் தவறவிடும் தவணைதான் கூடுதலான காரணம், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் கையில் இருந்தால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று உயர் நீதிமன்றம் கேட்கும். ஆகவே ஆணைக்குழு எதிர்த்தரப்பிடம் அறிக்கை கேட்ட கடிதம், விசாரணைக்கு அழைத்த கடிதம் எல்லாவற்றின் பிரதியும் வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் ஒம்புட்ஸ்மனும் பரிந்துரைதான் செய்யலாம், கட்டாயப்படுத்த முடியாது.

உங்கள் குழாய்க்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரீட் மனுவும் (சட்டக் கடமையைச் செய்யும்படி அரச நிறுவனத்துக்குக் கட்டளையிடக் கேட்பது) பொருந்தும். அதற்கு முன் "சட்டப்படி உங்கள் கடமை இது, இந்தத் திகதிக்குள் செய்யுங்கள்" என்று கோரிக்கைக் கடிதம் பதிவுத்தபாலில் போயிருக்க வேண்டும். வெறும் முறைப்பாட்டுக் கடிதம் போதாது.

மட்டக்குளி வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வந்த பதில் முழுக்கச் சிங்களத்தில். சங்கத்தில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது. இதைக் கேட்கலாமா, இல்லை வேறு பிரச்சினையைக் கிளப்பாமல் இருப்பது நல்லதா?

நூற்றாறு

கட்டாயம் கேளுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை, கொழும்புக்கும் அது பொருந்தும். முதலில் அந்த நிறுவனத்துக்கே இரண்டு வரி எழுதித் தமிழ்ப் பிரதி கேளுங்கள். தராவிட்டால் இராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு, வந்த கடிதத்தின் பிரதியோடு. ஆனால் அந்தத் தமிழ்ப் பிரதி வரும்வரை தகவல் உரிமை விண்ணப்பத்தைப் பிற்போட வேண்டாம், அதை இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.