பெரிய எழுத்துப் பெயரும் வரி பாக்கியும்

கட்டற்றவன்: அரசின் சட்டமும் வரியும் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட்டு, அமெரிக்காவில் தங்களை ‘இறையாண்மைக் குடிமக்கள்’ என்று சொல்லிக்கொள்வோரைப் பைத்தியங்கள் என்று தள்ளிவிடுகிறோம். அவர்கள் வாதம் இதுதான்: 1933-இல் அரசு தங்க நாணய முறையைக் கைவிட்டது, கடனுக்கு ஈடாகக் காட்ட மக்களைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பிறப்புப் பதிவின்போதே உங்கள் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி ஒரு காகித மனிதனை உருவாக்கிவிடுகிறார்கள். வரி பாக்கி அவனுடையது. இரத்தமும் சதையுமான உங்களுடையது அல்ல.

ஏட்டுக்கணக்கு: தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அப்படியானால் நமக்கெல்லாம் காகித மனிதன் பிறக்கவே மாட்டானா? பள்ளிச் சான்றிதழில் எனக்கு முன்னெழுத்து; பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது; வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. கடன் வாங்கியது இவர்களில் இன்னொருவன் என்று வங்கியில் சொல்லிப் பார்க்க ஆசைதான்.

கட்டற்றவன்: கேலி செய்வது எளிது ஐயா. ஜான் சீக் என்ற விமானி 1980 முதல் வரிப் படிவமே தாக்கல் செய்யவில்லை. சம்பளம் வருமானம் ஆகாது என்பது அவர் நம்பிக்கை. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவருடைய தண்டனையை ரத்து செய்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய வக்கீல்: தீர்ப்பைப் பாதியிலேயே மூடிவிட்டீர்கள். சம்பளத்துக்கு வரி இல்லை என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபித்தால்தான் குற்றம். அவர் உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டாரா என்பதை, அந்த நம்பிக்கை எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், ஜூரி எடைபோடட்டும் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. வரிச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருவர் ஆராய்ந்து முடிவுகட்டியிருந்தால், அது அறியாமை ஆகாது. சட்டம் தெரிந்தே மீறுகிறார் என்றுதான் பொருள். மறுவிசாரணையில் ஜூரி சீக்கை நம்பவில்லை. சிறைக்கும் போனார்.

ஏட்டுக்கணக்கு: நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸை விட்டுவிட்டீர்களே! புளோரிடாவில் பிறந்தவர், தன்னை அமெரிக்காவில் வசிக்காத அந்நியர் என்று வரித்துறைக்கு எழுதினார். 2008-இல் மூன்றாண்டுச் சிறை.

கட்டற்றவன்: மோசடி, சதி ஆகிய பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி அவரை விடுவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் அடிப்படைக் கேள்வி வேறு. நான் கையெழுத்திடாத ஒப்பந்தம் என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?

பழைய வக்கீல்: விடுவித்தது உண்மைதான், மறுக்கவில்லை. உங்கள் கேள்வியும் நல்ல கேள்வி; அரசியல் தத்துவத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் வரி ஒப்பந்தம் அல்ல, சட்டம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒருவர் விவாகரத்து வழக்கிலேயே இந்தக் காகித மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தினார். நீதிபதி ஜான் ரூக் 2012-இல் 736 பத்திகளில் பதில் எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது, இந்த மந்திரங்களைக் காசுக்கு விற்கும் ‘குரு’க்களை அவர் தீர்ப்பிலேயே கடுமையாகச் சாடியதுதான். குரு கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அமெரிக்காவில் இப்படி அபத்தமான படிவம் கொடுத்தால் 5,000 டாலர் அபராதம். அதைக் கட்டுவது சீடன்.

கட்டற்றவன்: குருக்களில் பலர் வியாபாரிகள்தாம், ஒப்புக்கொள்கிறேன். ஒப்புதல் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஏட்டுக்கணக்கு, நீங்களாவது சொல்லுங்கள்.

ஏட்டுக்கணக்கு: அடுத்த வாரம் சொல்கிறேன் நண்பரே. படிவம் தாக்கல் செய்ய நாளை மறுநாள் கடைசி நாள்.