கிரைண்டரின் பாதுகாப்புக் கார்டைக் கழற்றச் சொல்கிறார்கள். நான்தான் பயந்தாங்கொள்ளியா?

புதுக்கை:
எனக்கு 18 வயது. இரும்பை வெட்டி இணைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. நேற்று ஒரு தடிமனான குழாயை வெட்ட, 5 இஞ்ச் டிஸ்க்குக்கான கை கிரைண்டரில் 7 இஞ்ச் டிஸ்க்கை மாட்டச் சொன்னார் மூத்தவர். கார்டு (டிஸ்க்கை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு) இடிக்கும், கழற்றிவிடு என்றார். தயங்கினேன். "பயமா இருந்தா வீட்டுக்குப் போ" என்று எல்லோரும் சிரித்தார்கள். சரி என்று வெட்டி முடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையில் வந்த அந்த உதறல் ராத்திரி வரை மறக்கவில்லை. அவர் இருபது வருடமாக இப்படித்தான் வெட்டுகிறாராம்.

இன்னொன்று. வேலை முடிந்து வந்ததும் காதில் 'ங்ங்' என்று ஒரு இரைச்சல், ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. போகப்போகப் பழகிவிடுமா?

பழைய ஃபிட்டர்:
தம்பி, உன் பயம் சரியான பயம்தான். டிஸ்க்கின் மேல் அச்சடித்திருப்பதைப் படி. 7 இஞ்ச் கட்டிங் டிஸ்க்கில் பெரும்பாலும் 8,500 என்று இருக்கும், அதற்கு மேல் சுற்றக் கூடாது என்று பொருள். 5 இஞ்ச் கிரைண்டரோ நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அந்த டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகம் வரைதான் தாங்கும். நீ மாட்டிய மெஷினில் அது நூறைத் தாண்டுகிறது. உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தடுக்கத்தான் கார்டு, அதைத்தான் நீ கழற்றி வைத்தாய். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். பிசினால் பிணைத்த டிஸ்க், நாள்பட்டால் வலு குறையும்.

என் கதையையும் சொல்கிறேன். 19 வயதில் இடது ஆள்காட்டி விரல் நுனி போனது. கிரைண்டரில் இல்லை, டிரில்லிங் மெஷினில். பாதுகாப்புக்கென்று போட்ட கையுறையே சுற்றுகிற பிட்டில் மாட்டி விரலை இழுத்துக்கொண்டது. அங்கே கையுறை போடக் கூடாது என்று எனக்குச் சொன்னது யார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்! வேலையிடத்தில் நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதனால் பயம் என்ற பேச்சையே எடுக்காதே. டிஸ்க்கை அவர் கையில் கொடுத்து, "அண்ணா, இதில் 8,500 போட்டிருக்கு, மெஷினில் 11,000 இருக்கு, மாட்டலாமா?" என்று கேள். எண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

காதுகேளான்:
பழகாது தம்பி. பழகிவிட்டது என்று நீ நினைக்கும்போது கேட்கும் திறன் குறைந்திருக்கும். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) நிறுவனக் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதை அடைத்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. பஞ்சு வேண்டாம். காதில் வைக்கும் நுரை பிளக்கை மெல்லிசாக உருட்டி, காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும் வரை அழுத்திப் பிடி. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் தாமதமாகக் கற்றது.

சம்பளக்காரன்:
எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தினால் யார் வந்து பார்ப்பீர்கள்?

பழைய ஃபிட்டர்:
நியாயமான கேள்வி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி விலகி நிற்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981இல் வந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை சொல்கிறது. அது காகிதத்தில் இருப்பது வேறு, சூப்பர்வைசர் முன்னால் நிற்பது வேறு, தெரியும். அதனால்தான் சண்டை போடச் சொல்லாமல் கேள்வி கேட்கச் சொன்னேன். முடிந்தால் தனியாகப் போகாதே, உன்னைப் போல் புதிதாகச் சேர்ந்த இன்னொருவனையும் கூட்டிப் போ.

புதுக்கை:
இன்று கேட்டேன். மூத்தவர் கண்ணாடியைத் தேடி எடுத்து டிஸ்க்கைப் படித்தார். ஒன்றும் பேசவில்லை. பேண்ட் சா என்கிற பட்டை ரம்ப மெஷினில் வெட்டச் சொன்னார். நேரம் கூடுதலாக ஆனது, அதற்கு அவரிடமே திட்டும் வாங்கினேன்! கார்டைத் திரும்ப மாட்டலாம் என்று பார்த்தால் கிளாம்ப் ஸ்க்ரூவைக் காணோம். வேறு ஏதாவது ஸ்க்ரூ போடலாமா?

பழைய ஃபிட்டர்:
போடாதே. அந்த மாடலுக்கு உரியதையே வாங்கித் தரச் சொல். அது வரும்வரை அந்தக் கிரைண்டரைத் தொடாதே, பிளக்கைக் கழற்றி ஒரு சீட்டு எழுதிக் கட்டி வை.