ஒரு தட்டுக்கு இரண்டு அடி

கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் நிற்கும் ஆர்கேட் என்ற வீடியோ ஆட்டப் பெட்டியில் புதிதாக வாங்கியவை பொத்தான்களும் ஜாய்ஸ்டிக்கும் மட்டுமே. பெட்டி முழுவதும் பெரும்பாவூர் ரப்பர் மர பிளைவுட்டின் வெட்டுத் துண்டுகள். ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினி, நண்பர் ஒருவர் ஒதுக்கியது. 17 அங்குலத் திரை, கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையொன்றில் 800 ரூபாய்க்குக் கிடைத்தது.

அந்தத் திரையை நிமிர்த்தி வைத்ததற்குக் காரணம் உண்டு. 1980-இல் வந்த பேக்-மேன் என்ற ஆட்டம் 224க்கு 288 புள்ளிகள் கொண்ட நெட்டைத் திரைக்காக எழுதப்பட்டது. 1280க்கு 1024 திரையை நிமிர்த்தினால், ஒவ்வொரு புள்ளியையும் சரியாக நான்கு மடங்கு பெரிதாக்கி, 896க்கு 1152 என்று மங்கலில்லாமல் பொருத்திவிடலாம். அதே அளவில் பைத்தான் நிரல்மொழியில் நானே ஓர் ஆட்டம் எழுதினேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்பில் ஒருவர் கள் இறக்கத் தென்னை ஏறுகிறார். பொத்தானை ஒருமுறை தட்டினால் ஓர் அடி. நெட்டைத் திரைக்குத் தென்னையைவிடப் பொருத்தமாக வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

விசைப்பலகையில் பலமுறை ஆடிப் பார்த்தபோது ஒரு குறையும் தென்படவில்லை. எங்கள் தெருவில் உண்மையிலேயே கள் இறக்கும் பெரியவர் ஒருவர், ஒரு மாலை திண்ணையில் நின்று இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, நான் ஒருக்கா அமுக்குனா உங்க ஆளு ரெண்டடி ஏறுறானே? மரத்துல இப்படி ஏறுனா விழுந்துருவானுங்க."

பிழை என் சிக்கனத்தில் இருந்தது. பொத்தான்களுக்கும் கணினிக்கும் இடையே வைக்கும் யூஎஸ்பி என்கோடர் பலகையைத் தவிர்த்து, கம்பிகளை நேராக ராஸ்பெரி பையின் ஊசிகளில் இணைத்திருந்தேன். பொத்தானுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சின் உலோக நாக்கு மூடும்போது உடனே ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளித்தான் அமரும். என் நிரலோ ஒவ்வொரு துள்ளலையும் ஒரு தட்டாக எண்ணிக்கொண்டிருந்தது. முதல் மாற்றத்துக்குப் பின் 20 மில்லி விநாடிகளுக்கு வருவதைப் புறக்கணிக்கச் செய்தேன்; அழுத்தும்போது சரியாயிற்று, ஆனால் அழுத்திப் பிடித்துவிட்டு விரலை எடுக்கும்போது நாக்கு மறுபடி துள்ளியதால் சில வேளை ஓரடி கூடியது. பிறகு, 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஊசியைப் படித்து, தொடர்ந்து நான்கு முறை ஒரே நிலை வந்தால் மட்டும் ஏற்கும்படி மாற்றி எழுதினேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. பலகைக்கு மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு இரண்டு இரவுகள் போயின என்பது வேறு கணக்கு.

அடுத்த வாரம் பெரியவர் மறுபடியும் ஆடினார். அடிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கலயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது மரம் ஏறுவார்களா என்று மட்டும் கேட்டார். அதை இடுப்பில் தொங்கவிட முயன்று வருகிறேன். 16க்கு 16 புள்ளிகளுக்குள் வரைந்தால் கலயம் தெரிகிறது, அதைக் கட்டிய கயிறுதான் தெரியவில்லை.